ஏழாவது அடுக்கில் ஒரு ரசிகர்

"படியேறாதடா! உள்ள ஒருத்தங்க கேட்டுகினு இருக்காங்க" என்று ஃபெலிக்ஸின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான் இனியன்.

மாடி குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து வந்துகொண்டிருந்தது அவர்களுடைய ஆல்பம்தான். சந்தேகமே இல்லை. அப்படியொரு சத்தத்தைப் போட்டுவிட்டு அதற்குப் பாட்டு என்று பெயர் வைக்கும் தைரியம் நெய்வேலியில் வேறு யாருக்கும் கிடையாது.

'பூஜ்ய வெளிச்சம்' என்பது மூன்று பேர் கொண்ட ராக் குழு. இனியன் எழுதிப் பாடுவான், ஃபெலிக்ஸ் கிதார், லிடியா டிரம்ஸ். ஒரு நிலக்கரித் துண்டு தன் ஐந்து கோடி வருஷத்துக் கதையைத் தானே சொல்கிறது. பாட்டுக்கு ஒரு மண் அடுக்காகப் பதினோரு பாட்டு. அதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம். கேட்ட ஒன்றிரண்டு பேருக்கு ஐந்து கோடி வருஷமும் நிஜமாகவே கழிந்தது.

இணையத்தில் ஏற்றினார்கள். சொந்தக்காரர்கள்கூட முதல் அடுக்கைத் தாண்டவில்லை. "போன்ல கேக்கிற கலை இல்ல இது" என்று அறிவித்துவிட்டு, பென் டிரைவில் போட்டு வாரச்சந்தையில் சும்மாவே கொடுத்தான் இனியன். வாங்கியவர்கள் மனதார நன்றி சொன்னார்கள். அழித்துவிட்டுச் சாமி பாட்டு ஏற்றிக்கொள்ள வசதியாக இருந்ததாம்.

அதனால்தான் இன்றைக்குக் குழுவைக் கலைப்பதென்று முடிவு. ஃபெலிக்ஸ் பெங்களூருக்குக் கிளம்புகிறான். இனியனுக்கு அவன் அப்பா மைன்ஸில் ஒரு கான்ட்ராக்ட் வேலை பிடித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும், புது டிபன் பாக்ஸ்கூட வந்துவிட்டது. கடைசியாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் இந்த ஜன்னல்.

"ஒரே ஒரு ஆளு முழுசாக் கேட்டாக்கூட நான் வேலைக்குப் போவ மாட்டேன்னு சொன்னேன் இல்ல? இப்ப பாத்துடலாம்" என்றான் இனியன்.

"பாக்கறதுக்குக் கதவத் தட்டணும்டா" என்றான் ஃபெலிக்ஸ்.

"பாதில தட்டுறதா? முடியட்டும்."

முடிகிற வழியைத்தான் காணோம். இனியன் படிக்கட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடந்தான். நகத்தைக் கடித்தான். பாட்டை நிறுத்திவிடுவார்களோ என்று ஒவ்வொரு இடைவெளியிலும் நின்று ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். நடுவில் தூறல் வேறு பிடித்துக்கொண்டது.

லிடியா மேலே பார்த்தாள். "பால்கனில துணியெல்லாம் நனையுது. எடுக்க வர மாட்றாங்களே?"

"எப்படி வருவாங்க? ஏழாவது அடுக்குல இருக்காங்க" என்றான் இனியன்.

நனைந்துகொண்டே மற்ற நாலு அடுக்கும் இறங்கினார்கள். ஆல்பம் முடிந்தது. இனியன் தலையைக் கோதிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தான். மேலே முதல் பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது.

"டேய்... திரும்பவும் மொதல்லேருந்து!"

"யாருக்காவது மயக்கம் கியக்கம் வந்துடுச்சா?" என்றான் ஃபெலிக்ஸ், உண்மையான கவலையோடு.

அப்போது ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு நடுத்தர வயது அம்மாள் இறங்கினாள். அட்டையில் அம்சவல்லி என்றிருந்தது.

"யாருப்பா அது, எங்க படியில நின்னுகினு?"

"மேல ஓடுது பாருங்க ஆன்ட்டி, அந்தப் பாட்டு... நாங்க பாடினதுங்க."

அம்சவல்லியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்கதானா அது! மூணு மாசமா எங்க வூட்டுல தெனம் இதாம்பா. சினிமா பாட்டு, பட்டிமன்றம், நியூஸு எல்லாம் போட்டுப் பாத்துட்டோம். எதுவும் இது மாதிரி சரிப்பட்டு வரல."

இனியன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஃபெலிக்ஸ்தான் கேட்டான். "எந்தப் பாட்டு ஆன்ட்டி புடிச்சிது?"

"கடைசில ஆளாளுக்குக் கத்திகினு, பீரோவப் பொரட்டிப் போடறாப்ல ஒண்ணு வருமே. அதுக்கு ஈடே கெடையாது."

பதினோராவது அடுக்கு! அதைத் தூக்கிவிடலாம் என்று ஒரு மாதம் சண்டை போட்டவன் ஃபெலிக்ஸ். இனியன் அவனைப் பார்த்தான். ஃபெலிக்ஸ் ஸ்கூட்டியைப் பார்த்தான்.

"ஒரே ஒரு கொறதாம்பா. ஒரு மணி நேரத்துல முடிஞ்சி, வந்ததே திரும்ப வருது. எட்டு மணி நேரத்துக்கு வர்றாப்ல ஒண்ணு பண்ணுங்களேன்."

எட்டு மணி நேரம்! உலகத்தில் எந்தக் குழுவிடமாவது எந்த ரசிகராவது இப்படிக் கேட்டதுண்டா? "பெங்களூரு எங்க ஓடிடப் போவுது?" என்று முனகினான் ஃபெலிக்ஸ். லிடியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூறல் என்றாள்.

இனியன் அங்கேயே நின்று போன் போட்டான். "அப்பா, திங்கக்கெழம நான் வேலைக்கு வரல. அந்த எடத்த வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடுங்க." அவர் வாயைத் திறப்பதற்குள் போனை அணைத்தும் விட்டான்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு, கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரி செருப்பைக் கழற்றினான். "ஆன்ட்டி, உள்ள கேட்டுகினு இருக்கிறவங்கள ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறோம்."

கைப்பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்த அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள யாருப்பா இருக்கா? வூட்டுல ஆளு இருக்குன்னு திருடன் நெனைக்கணும்னுதானே இதப் போட்டுட்டு ஷிப்டுக்குப் போறோம்!"