மலையில் போன மானம்

"இஞ்சேருங்கோ, என்னாலை ஏலாது. கொஞ்சம் இருந்திட்டுப் போவம்."

இராசேஸ்வரி பாதையோரக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். முன்னால் போன ஆசிரியர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கணவர் தில்லைநாதன் மாஸ்டருக்கு முகம் கறுத்தது.

"திரும்பவுமோ? இப்பதானே இருந்து எழும்பினனீர்!"

"என்ன செய்யிறது, மூச்சு வாங்குது."

போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். தெற்கே போகும் பாதை திறந்திருந்தது. தீவுப்பகுதி ஆசிரியர்கள் சிலர் குடும்பமாக மலைநாட்டுக்கு வந்திருந்தார்கள். காட்டுக்குள்ளால் மலையைச் சுற்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர மூன்று நாளாகும். தீவுக் கிராமமான சரவணையில் பிறந்து வளர்ந்த மாஸ்டருக்கு, அதுவரை மேடு என்றால் வயல் வரம்புதான்.

"அவசரமில்லை. எல்லாரும் இருங்கோ" என்றான் நடையை ஒழுங்கு செய்த கிறிஸ்தோப்பர்.

"அக்காவுக்கெண்டே கல்லுப் போட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்றாள் றஞ்சனி ரீச்சர். எல்லாரும் சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் மாஸ்டரும் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார். "வீட்டை நில்லும் எண்டு சொன்னனான். என்ரை மானத்தை வாங்கவே வந்தனீர்?"

அவள் குனிந்து, அவர் காலில் ஏறியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

கடைசி நாள்வரை இதே கதைதான். ஏற்றம் வந்தால் போதும், இராசேஸ்வரி இருந்துவிடுவாள். மாஸ்டர் தலை நிமிரவே இல்லை.

அடுத்த தவணை விடுமுறை நெருங்க, கிறிஸ்தோப்பர் சரவணைக்கு வந்தான். அவனைக் கண்டதும் இராசேஸ்வரி தேத்தண்ணிக்குச் சீனி வாங்கக் கடைக்கு ஓடினாள்.

"திரும்பவும் மலைக்குப் போறம் அண்ணை. வாறியளோ?"

"நான் கட்டாயம் வருவன். ஆனால் இவவைக் கூட்டிக்கொண்டு வரமாட்டன். போனமுறை பட்ட வெட்கம் காணும்."

கிறிஸ்தோப்பர் படலைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா வராட்டில் உங்களைக் கூட்டிக்கொண்டு போக எனக்குப் பயம் அண்ணை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"சொல்லவேண்டாம் எண்டவா. நீங்கள் ஒருத்தருக்கும் தெரியாமல் நெஞ்சு வருத்தத்துக்கு டொக்டர் தந்த குளிசை போடுறதை அவ கண்டிட்டா. 'மறிச்சால் கேக்கமாட்டார். களைச்சாலும் வாய் திறந்து சொல்லமாட்டார். அவருக்கு மூச்சு வாங்கேக்கை நான் இருந்திடுவன். நீர் எல்லாரையும் நிப்பாட்டும்' எண்டு, வெளிக்கிட முதலே என்னட்டைச் சொல்லிப்போட்டா. அந்த மூண்டு நாளும் அக்காவுக்கு ஒரு களைப்பும் இருக்கேல்லை அண்ணை."

படலை திறக்கும் சத்தம் கேட்டது. சீனிப் பையோடு வந்தவளை நிமிர்ந்து பார்க்க மாஸ்டருக்கு முகமில்லை.