ரோஜாத் திரை

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது.

ஓட்டிக்கொண்டிருந்த சின்ன மாமனார் கவனிக்கவில்லை. பின்சீட்டில், கழுத்து கொள்ளாத மாலையோடு உட்கார்ந்திருந்த அவள் கவனித்தாள். சிவப்புக் கோட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

சொல்லலாமா?

காலையில்தான் தாலி ஏறியது.

அவள் கார் சர்வீஸ் சென்டரில் வேலை பார்ப்பவள். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிடுவாள் என்று பெண் பார்க்க வந்த அன்றே பேசி முடித்திருந்தார்கள். அவள் விடவில்லை. லீவு மட்டும் போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்த புது மாப்பிள்ளைக்கும் அது தெரியாது.

வாயைத் திறந்தால் வேலைப் பேச்சு வரும். இன்றைக்கு வேண்டாம் என்று இருந்தாள்.

ஆவி கிளம்பிய பிறகுதான் வண்டி தாராபுரம் ரோட்டில் ஓரங்கட்டியது.

பின்னால் வந்த வேனிலிருந்து ஆண்கள் இறங்கினார்கள். பானெட்டைத் தூக்கினார்கள். ஆளாளுக்கு ஒரு வைத்தியம். தண்ணீர் இல்லை என்றார் ஒருவர். ஃபேன் போயிருக்கும் என்றார் இன்னொருவர். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று அடித்துச் சொன்னார் மூன்றாமவர். அவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

வண்டியின் முகத்தை மூடி, காற்று நுழைய இண்டு இடுக்கு விடாமல் ரோஜாவைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதை ஒருவரும் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை அந்தப் பூவில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது மாமியாரின் உத்தரவு.

சின்ன மாமனார் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டார். ரேடியேட்டர் மூடியைத் திருகக் குனிந்தார்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

"மாமா, கைய எடுங்க! மூஞ்சி வெந்துரும்!"

அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ரோஜாத் திரையின் கயிற்றை இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள்.

ரோட்டில் பூ கொட்டியது.

அவள் சொன்னபடி எல்லோரும் தள்ளி நின்றார்கள். சூடு நன்றாக ஆறும்வரை நின்றார்கள். பிறகு அவளே மூடியைத் திறந்தாள், தண்ணீர் விட்டாள், ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள்.

முள் பாதியில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

ஜவுளிக்கடைக்காரருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

மாமியார் வேனிலிருந்து இறங்கி வந்தார். கொட்டிய பூவைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். கோபமா என்று முகத்தில் தெரியவில்லை.

மருமகளின் கையைப் பிடித்தார். தன் முந்தானையால் கரியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, ஆண்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"வேலைய இன்னும் விடலையாட்ட இருக்குது?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"இல்லீங்க அத்தை."

மாமியார் அடுத்த கையைப் பிடித்தார்.

"விட்டுறாத கண்ணு."