நோய் வந்த வழி

தேனீ வளர்ப்போர் சங்கச் செயலாளர், தையல்காரம்மாவின் ஐந்து தேனீப் பெட்டிகளுக்கும் தானே தீ வைத்தார்.

“ஒண்ணையாவது விடுங்கண்ணே. பூவே இல்லாத கோடையில சர்க்கரைத் தண்ணி ஊத்திக் காப்பாத்தினது.”

“புழு அழுகல் நோய்மா. ஊரெல்லாம் பரவினதே உன்னாலதான். இனிமே சங்கத்துப் பக்கம் வராதே.”

மறுநாள் தேனீ நோய் ஆய்வாளர் செயலாளர் வீட்டுக்கு வந்தார். “உங்க பெட்டிகளைப் பாத்தீங்களா சார்?”

“மத்தவங்களோடதைப் பாக்கவே நேரம் சரியாப் போச்சு.”

ஆய்வாளர் மூடியைத் திறந்ததும் அழுகிய நாற்றம் அடித்தது.

“இது ரொம்ப நாள் பழசு. இங்கேருந்துதான் எல்லா வீட்டுக்கும் போயிருக்கு.”

செயலாளருக்குத் தீக்குச்சி உரசக் கை வரவில்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்த தையல்காரம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

“தள்ளி நில்லுங்கண்ணே. வளர்த்தவங்களால முடியாது.”