அஞ்சரை மணி வரைக்கும்

கமாலுதீன் பாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷம் வெள்ளையையே பார்த்து என் மனைவி ஆராயிக்குக் கண் மங்கிவிட்டது. இனித் தேறாது என்று டாக்டர் சொன்னதும், "முழுசாப் போறதுக்குள்ள தஞ்சாவூரு பார்க்கணுங்க" என்றாள்.

தெருவில் பத்துப் பேர் சேர்ந்தோம். கூனிமேட்டு கமாலுதீன் பாயின் வேன். திட்டம் நான் போட்டது. பெரிய கோயில் முக்கால் மணி, அரண்மனை அரை மணி, சரசுவதி மகால் இருபது நிமிஷம், அப்புறம் கும்பகோணம்.

பதினொரு மணிக்குப் பெரிய கோயில். கால் வைக்க முடியாத சூடு.

"எம்மாம் ஒசரம் பாரு!" என்றேன், அண்ணாந்தபடியே.

"பார்த்துட்டேங்க. நல்லா இருக்குது."

"அப்போ கெளம்பு."

பக்கத்தில் நின்ற பாய் வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அஞ்சரைக்குத்தான் வண்டி எடுப்பேன் அண்ணே. அவசரமா இருக்கிறவங்க ஆட்டோல போய்ட்டு வாங்க. அக்கா நெழல்ல உக்காரட்டும்."

"என்னா பாய், டீசல் மிச்சம் புடிக்கிறீங்களா?" என்றார் எதிர்வீட்டு சிவப்பிரகாசம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு போற பொம்பளைக்கு நாலு எடம் காட்டலாம்னு கூட்டியாந்தா, ஒரே எடத்துல கட்டிப் போடுறியே, நீயெல்லாம் மனுசனா?"

பாய் போய் மோர் வாங்கி வந்து ஆராயியிடம் கொடுத்தார்.

அஞ்சரை. வெயில் சாய்ந்தது. ஆராயி எழுந்து நின்றாள். தலை பின்னால் சாய்ந்துகொண்டே போனது.

"ஏங்க... மேல போய்க்கிட்டே இருக்குதுங்க! இத்த மனுசங்களா கட்டுனாங்க?"

இருட்டும் வரை அவள் அசையவில்லை. நானும் அவள் பக்கத்திலேயே நின்றேன். ஆனாலும் ஊரில் இறங்கும்போது பாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் அவர் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி மரியம் பீவி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"எனக்கும் உப்பளத்துக் கண்ணுதான் அண்ணே. உச்சி வெயில்ல எல்லாம் வெறும் வெள்ளை. பொழுது சாஞ்சாத்தான் உருவம் தெரியும். அக்கா கோபுரத்தை வுட்டுட்டு வேற பக்கம் பார்த்து 'நல்லா இருக்குது'ன்னு சொல்லிச்சாம். அத்தனை பேரு முன்னால அதைச் சொல்லிக் காட்ட வாணாம்னு, நீங்க திட்டுனதை வாங்கிக்கிட்டாராம்."

ஆராயி பிறகு நாலு வருஷம் இருந்தாள். அவள் கண்ணால் பார்த்த வெளியூர் தஞ்சாவூர் ஒன்றுதான்.