முதல் சவாரி

வாள் தரிக்கக் கூடாதென்று சட்டம் வந்த மறுவருடம், சாமுராய் இனாகாகி தோக்கியோவில் ரிக்‌ஷா இழுக்க வந்தார். முதல் சவாரியாக வாய்த்தவன் அவருடைய பழைய ஊர்க் குடியானவன் தோமேகிச்சி. ரயிலைப் பிடிக்க ஓடிவந்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் நடுத்தெருவில் மண்டியிட்டுவிட்டான்.

"ஏறுங்க" என்றார். அந்த மரியாதை அவர் வாய்க்கே புதிது.

"எசமான் இழுத்து நான் உட்கார்றதா? நடந்தே போயிடறேன் சாமி."

கைப்பிடியைத் தூக்க அவர் குனிந்தார். எசமானைவிடத் தன் தலை மேலே இருக்கலாகாதென்று அவன் நெற்றியைப் புழுதியில் வைத்தான். அவர் நிமிர்ந்ததும் எழுந்தான். குனிந்ததும் மறுபடி விழுந்தான். தெருவே கூடிச் சிரித்தது. பொறுக்கமாட்டாமல் இனாகாகி கத்தினார்.

"ஏறுடா நாயே!"

மறுகணம் தோமேகிச்சி வண்டியில் இருந்தான். சிரித்தவர்களில் இரண்டு பேர் தங்களை அறியாமல் தலை வணங்கினார்கள்.

அந்தக் குரல் இன்னும் தன் தொண்டையில் இருந்ததை நினைத்து உடம்பு கூச, அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். ரயில் நிலையத்தில் கைப்பிடியை இறக்கிவைத்து நின்றார். ரயில் ஊதியது. தோமேகிச்சி அசையவில்லை. கைகளை முழங்காலில் வைத்து, கண்ணைத் தாழ்த்தி, அடுத்த அதட்டலுக்காக உட்கார்ந்திருந்தான்.