முழுக்கச் சிவந்த மதர்போர்டு

கணினியின் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறவிருந்த மதர்போர்டுக்குத் தன் பச்சை நிறம் பிடிக்கவில்லை. சிவப்பு ரப்பர் பூச்சுக்கு ஏற்பாடாயிற்று.

"அக்கா, முதலில் உன் ஸ்லாட் துளைகளை மூடிவிடுகிறேன். பூச்சு உள்ளே போனால் வேலை கெடும்," என்றது ஒட்டுநாடா.

"போடி! அங்கங்கே விட்டுவைத்தால் ஊரே சிரிக்கும். நான் முழுக்கச் சிவக்க வேண்டும்!"

மூலைமுடுக்கெல்லாம் சிவந்ததும் மதர்போர்டு தலைகால் புரியாமல் குதித்தது. அப்போது தன் ஸ்லாட்டைத் தேடி வந்த ரேம், அது ரப்பரால் அடைபட்டிருப்பதைக் கண்டது.

"அக்கா, நான் எப்படி நுழைவது? நான் இல்லாமல் கணினிக்கு உயிர் வராதே!"

ஒட்டுநாடா பாய்ந்து வந்தது. "ரப்பர்தானே, நுனியைப் பிடித்து இழுத்தால் உரிந்துவிடும். இழுக்கட்டுமா?"

"தொட்டுப் பார், தெரியும்!" என்று சீறியது மதர்போர்டு. "என்னைச் சுவரில் மாட்டச் சொல். வேலையெல்லாம் அந்தப் பச்சைக்காரிகள் பார்த்துக்கொள்ளட்டும்."