கொம்பும் காலும் தனித்தனியே

மன்னார்குடியில் நெல் மண்டிகளுக்கு ஆப் செய்யும் அலுவலகம் அது. காலையில் ஒரே கோப்பில் இருவர் தனித்தனியே எழுதியதை ஒன்றாக மெர்ஜ் செய்தபோது, நேற்றுதான் சேர்த்த ‘கொள்முதல்’ என்ற சொல்லில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கான்ஃப்ளிக்ட் வந்து, இரண்டையும் மேலும் கீழுமாகக் காட்டியது. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அங்கே வேலை பார்க்கும் பிரகதீஸ்வரி எழுத்துக் குறிகளைத் துருவிப் பார்த்தாள். ஒரு பக்கம் ‘கொ’வுக்கு ஒரே குறி இருந்தது. மறுபக்கம் கொம்பும் காலும் தனித்தனியே இருந்தன.

“யாரு இது, அப்சர் மாதிரி கொம்பு தனியா கால் தனியா அடிக்கிறது?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. இங்கே வேலை பார்த்துவிட்டு தோஹா போன அப்சரைச் சென்ற வருடம் அங்கேயே அடக்கம் செய்திருந்தார்கள்.

“எங்கண்ணன் அப்படித்தான் அடிப்பாங்க,” என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த தஹ்மீனா.

பிரகதீஸ்வரிக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. மதியம் தஹ்மீனா கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அதன்பிறகுதான் பிரகதீஸ்வரி கோப்பின் கடைசி வரியில், “அப்சர், மன்னிச்சிடுங்க” என்று அடித்து வைத்தாள்.

சாயங்கால மெர்ஜில் அந்த வரியிலும் கான்ஃப்ளிக்ட் வந்தது. மேலே அவளுடைய வரி இருந்தது. கீழே, “தங்கச்சிக்கிட்ட சொல்லுங்க” என்று இருந்தது.

‘சொ’வைத் துருவிப் பார்த்தாள். கொம்பும் காலும் தனித்தனியே இருந்தன.